அந்த ஆயாவைப் பார்த்து ஏன் ஓடுகிறீர்கள்?

கேள்வி: எனக்கு 26 வயது, ஊர் தண்டையார்பேட்டை. துப்புரவுத் தொழிலாளர்கள், திருநங்கைகள், பிளாட்பாரத்தில் குடியிருப்பவர்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர்களைப் படம் எடுக்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ்தான் எனக்கு ஆதர்சம். அம்மாவோ கல்யாண ஆர்டர் பிடிக்கச் சொல்லித் தினமும் சண்டை. காசிமேட்டில் மீன் அரியும் ஒரு ஆயாவை எடுத்த படம் நன்றாக வந்தது. பார்க்கும்போதெல்லாம் 'படம் எங்கப்பா' என்று கேட்கிறார், அதனால் இப்போது வேறு சந்து வழியாகப் போகிறேன். என் கலையை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அம்மாவை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தச் சந்துக்கு வாருங்கள்.

யாரும் திரும்பிப் பார்க்காதவர்களை எடுக்கிறேன் என்கிறீர்கள். ஆயாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது யார்? வேலையை நிறுத்திவிட்டுத்தானே உங்களுக்கு முகம் காட்டியிருப்பார்? மீன் அரிகிறவருக்குக் கை நின்றால் கூலி போச்சு.

எதற்குக் கேட்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? நம் பக்கத்தில் எத்தனையோ சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வீட்டில் ஒரு நல்ல படம் இருக்காது. வாக்காளர் அட்டையில் இருக்கிற குட்டிப் படத்தைப் பெரிதாக்குவார்கள். கண்ணும் மூக்கும் கலைந்துபோய், பேரனுக்கே அடையாளம் தெரியாது. அந்த ஆயாவுக்கு வாய்த்த ஒரே நல்ல படம் உங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கிறதோ என்னவோ.

ஆர்பஸைச் சொன்னீர்கள். 1970இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், எட்டி கார்மல் என்ற ராட்சத உயரமுள்ளவரைப் பெற்றோரோடு அவர்கள் வீட்டிலேயே எடுத்தாரே, அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். கூரைக்குப் பயந்ததுபோல் குனிந்து நிற்கும் மகனை அம்மா அண்ணாந்து பார்க்கிறார். அதற்கு முன்பே ஏறக்குறைய பத்து வருடமாக ஆர்பஸுக்கு கார்மலைத் தெரியும். அப்படியும், மனிதர்களைக் காட்சிப்பொருள் ஆக்கினார் என்று ஆர்பஸைத் திட்டியவர்கள் உண்டு. ஒரு கிளிக்கோடு ஓடுகிற உங்களை என்ன சொல்வது?

கல்யாண ஆர்டரா? பிடியுங்கள். ஆர்பஸும் கணவரோடு சேர்ந்து பல வருடம் ஃபேஷன் படம் எடுத்தவர்தான். 26 வயதுப் பிள்ளை மாதாமாதம் அம்மா கையில் ஒரு தொகை கொடுக்க வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

சரி, ஆயா படத்தை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டு, கண்ணாடி ஃபிரேம் மாட்டுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போங்கள். ஞாயிறு வேண்டாம், அந்தக் கூட்டத்தில் ஆயாவுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்படியே மீன் வாங்கி, அவரிடமே அரியக் கொடுங்கள்.