தீவு நாடுகளில் காற்றாலையைப் பரப்ப வேண்டுமா? முதலில் அங்கிருக்கும் ஜெனரேட்டர் ரூமைப் பாருங்கள்

தீவு நாடுகள் டீசலை விட்டுவிட்டுக் காற்றாலை, சூரிய மின்சாரம் பக்கம் வர என்ன செய்ய வேண்டும், விழிப்புணர்வுப் பிரச்சாரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதுதான் என் பதில். தீவில் இருக்கிறவர்களுக்கு விழிப்புணர்வு நம்மைவிட அதிகம். கரண்ட் பில்லும், வருஷா வருஷம் கரையை அரிக்கிற கடலும் அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டன. அவர்கள் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம் வேறு.

நான் வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், டீசல் ஜெனரேட்டர் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். காற்றாலை என் தொழில் இல்லை, எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கேற்ற காற்றும் கிடையாது. ஆனால் ஒரு குட்டித் தீவின் மின் நிலையத்தையும் ஒரு பெரிய டேனரியின் ஜெனரேட்டர் ரூமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இருக்காது. இரண்டு மூன்று டீசல் இன்ஜின், ஒரு கன்ட்ரோல் பேனல், எண்ணெய் டேங்க், ஒரு ஆபரேட்டர், அவ்வளவுதான். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது இங்கே ஒவ்வொரு டேனரியும் ஒரு தீவாகத்தான் ஓடியது. ஆடி மாதம் காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று வீச ஆரம்பித்தால் எங்களுக்குக் கரண்ட் கட் குறையும், காற்று நின்றால் மறுபடி கூடும். காற்றாலையின் அருமை எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். நல்ல லோடில் ஓடினால் ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3.5 யூனிட் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி விற்கும்போது எண்ணெய்க்கு மட்டுமே யூனிட்டுக்கு 26 ரூபாய் ஆகிவிடுகிறது. இன்ஜின் ஆயில், ஃபில்டர், ஓவர்ஹால் எல்லாம் தனி. தீவு என்றால் அந்த டீசல் கப்பலில் வர வேண்டும், அதுவும் டாலர் கொடுத்து. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் அந்த நாட்டின் பட்ஜெட்டே ஆட்டம் காணும்.

அப்படியானால் ஏன் உடனே மாறவில்லை? டேனரியில் நின்று பார்த்தால் புரியும். ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது தோலைப் போட்டுச் சுற்றுகிற ஒரு பெரிய மர டிரம்மின் மோட்டாரைப் போட்டால், ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடிக்கு மோட்டார் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இன்ஜின் முக்கும், சைலன்சரில் கரும்புகை கக்கும், ட்யூப்லைட் மங்கும், பேனலில் கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 48க்கு இறங்கி மெதுவாக ஏறும். நல்ல ஆபரேட்டர் மீட்டரைப் பார்க்க மாட்டார், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். தீவில் காற்று சட்டென்று விழுந்தாலும், சோலார் மேல் மேகம் வந்தாலும் நடப்பது இதேதான். நம் ஊரில் ஒரு காற்றாலை நின்றால் நெய்வேலியோ மேட்டூரோ தாங்கிக்கொள்ளும். தீவுக்குப் பக்கத்து மாநிலம் கிடையாது. ஓடுகிற அந்த ஒரு இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் ஊரே இருட்டு.

இன்னொரு விஷயம், பிரச்சாரம் செய்கிறவர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை. டீசல் இன்ஜினை லோடு இல்லாமல் ஓடவிடக்கூடாது. அதன் முழுத் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழான லோடில் நீண்ட நேரம் ஓடினால் எண்ணெய் முழுசாக எரியாது, மிச்சம் எக்ஸாஸ்ட் மூட்டுகளில் கருகருவென்று பிசுபிசுப்பாகக் கசியும், பிஸ்டன் ரிங்கில் கரி கட்டும். அதனால் காற்று நன்றாக அடிக்கிற ராத்திரியில், ஊர் தூங்கி லோடு குறைந்திருக்கிற நேரத்தில், ஜெனரேட்டரைக் காப்பாற்றுவதற்காகக் காற்றாலையை நிறுத்துகிற நிலை வரும். காசு போட்டு வைத்த காற்றாலை சும்மா நிற்கும், டீசல் எரியும்! இதைச் சரி செய்யாமல் எத்தனை காற்றாலை நட்டாலும் டீசல் செலவு ஒரு அளவுக்கு மேல் இறங்காது.

இதற்கு வழி இருக்கிறது. பேட்டரியும், இன்ஜின் ஓடாமலே தானாக வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் பிடித்து நிறுத்துகிற இன்வெர்ட்டரும் இருந்தால் டீசலை முழுசாக அணைத்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த கிங் தீவில் காற்று, சூரியன், பேட்டரி, ஃப்ளைவீல் (சுழன்றே சக்தியைச் சேமித்து வைக்கிற கனமான சக்கரம்) எல்லாம் சேர்ந்து பல மணி நேரம் டீசல் இல்லாமலே ஊர் ஓடுகிறது. ஸ்பெயினின் எல் ஹியரோ தீவில் இன்னொரு வழி. 2014ல் 5 காற்றாலைகள், மொத்தம் 11.5 மெகாவாட், நிறுவினார்கள். காற்று மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஓர் எரிமலை வாய்க்குள் கட்டிய குளத்துக்கு ஏற்றி, காற்று குறையும்போது கீழே விட்டு டர்பைனைச் சுற்றுகிறார்கள். 2019 கோடையில் தொடர்ந்து 24 நாளுக்கு டீசலைத் தொடவே இல்லை. அங்கேயும் வருஷம் முழுக்க அப்படி முடிவதில்லை, டீசல் நிலையம் இன்னும் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

காற்று இருக்கிறதா என்று முதலில் அளக்க வேண்டும், இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அளப்பது எவ்வளவு முக்கியம் என்பது கணக்கில்தான் தெரியும். காற்றின் வேகம் நொடிக்கு 5 மீட்டரிலிருந்து 6 ஆனால் அதில் உள்ள சக்தி 70 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, ஏனென்றால் அது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் கூடும். ஃபிஜியில் 2007ல் புட்டோனி என்ற இடத்தில் 37 காற்றாலைகள், மொத்தம் 10 மெகாவாட், நட்டார்கள். எதிர்பார்த்த காற்று அங்கே இல்லை, உற்பத்தி மிகக் குறைவு. அந்தக் கடலோர மலையில் அவ்வளவு பணம் முடங்கிப் போனது. காற்றுக் குறைவான தீவுக்குச் சூரிய மின்சாரம்தான் சரி. பசிபிக்கில் நியூசிலாந்தின் ஆளுகையில் இருக்கும் டோக்கெலாவ் 2012ல் தன் மூன்று பவளத் தீவுகளையும் ஏறக்குறைய முழுக்க சூரிய மின்சாரத்துக்கு மாற்றியது. காற்றாலைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

காற்றாலையின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் செய்வதெல்லாம் 3, 4 மெகாவாட், அதற்கு மேலும். அதைத் தூக்கி நிறுத்துகிற கிரேனை இறக்கக்கூடத் துறைமுகம் இல்லாத தீவுகள் எத்தனையோ. மேலே அத்தனை டன் எடையை வைத்துவிட்டுப் புயல் வந்தால் என்ன செய்வது? பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் 275 கிலோவாட் காற்றாலைகளைக் கீல் வைத்த கம்பத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 2015 மார்ச்சில் பாம் புயல் வருவதற்கு முன்னால் வின்ச் போட்டுத் தரையோடு சாய்த்துக் கட்டிவிட்டார்கள், புயல் போனதும் திரும்ப நிமிர்த்தினார்கள். இதைப் படித்தபோது எங்கள் ராணிப்பேட்டையில் இருக்கும் மத்திய அரசின் பெல் (BHEL) ஆலைதான் நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் அங்கே 200, 250 கிலோவாட் காற்றாலைகள் செய்துகொண்டிருந்தார்கள். நம் ஊருக்கு அந்த அளவு இப்போது சிறியது, சரி. சின்னத் தீவுக்கு அதுதான் வேண்டும், ஆனால் இப்போது செய்து தர ஆள் குறைவு. இந்தியா தீவு நாடுகளுக்கு உதவுவதென்றால் இந்த அளவை மறுபடி செய்யத் தொடங்கலாம் என்பது என் ஆசை.

காற்றாலை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. டென்மார்க்கின் சாம்ஸோ தீவைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். தரையில் 11 காற்றாலை, அதில் பெரும்பாலானவை அந்தத் தீவு விவசாயிகளுடையவை, மீதி ஊர்க் கூட்டுறவுடையது. கடலில் இருக்கும் 10ல் பாதி உள்ளாட்சியுடையது. தங்கள் காசு சுற்றுவதால் யாரும் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. (அந்தத் தீவுக்குக் கடலடி கேபிள் உண்டு, மிஞ்சியதை விற்கலாம். அது இல்லாத தீவுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.) இலங்கையின் மன்னார் தீவில் நடந்தது வேறு. 2020 டிசம்பரில் 30 காற்றாலையோடு 103.5 மெகாவாட் நிலையம் திறந்தார்கள், காற்று அருமையான காற்று. ஆனால் அது வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற இடம், மீனவர்கள் பிழைக்கிற இடம். மேற்கொண்டு காற்றாலைகள் வேண்டாம் என்று 2025ல் மன்னார் மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். கேட்காமல் செய்தால் நல்ல திட்டத்துக்கும் அந்த நிலைதான் வரும்.

அதே இலங்கையில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நிதியில் 2024 மார்ச்சில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். காற்று 530 கிலோவாட், சூரியன் 1700 கிலோவாட், 2400 யூனிட் பேட்டரி, துணைக்கு 2500 கிலோவாட் டீசல். நான் மேலே சொன்ன எல்லாமே இந்தக் கலவையில் இருக்கிறது, அதனால் இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை. எனக்கு இருக்கிற ஒரே கவலை, உப்புக்காற்றில் இன்வெர்ட்டரின் ஒரு எலக்ட்ரானிக் கார்டு போனால் யார் மாற்றுவார்கள் என்பது. இன்வெர்ட்டர் பழுதாகி, கொழும்பிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருந்தால், அதுவரை பழைய டீசல்தான் ஓடும், அப்புறம் அதுவே பழகிவிடும். தீவிலேயே நாலு பேருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும், ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரியில் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஐடிஐ முடித்து, ஜெனரேட்டர், பேட்டரி, பேனல் எல்லாம் பிரித்து மேய்ந்த பையன்கள் ஏராளம். அந்தத் தீவு இளைஞர்களுக்குத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த முறை இப்படி ஒரு டெண்டர் போடும்போது உபகரண விலையோடு பயிற்சிக்கும் ஐந்து வருஷ ஸ்பேருக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி நீங்கள் பிரச்சாரம் செய்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.