20 குதிரைத்திறன் கூடினால் விமானத்தில் என்ன மாறும்?

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் 160 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதில் 180 வைத்தால் வேகம் எவ்வளவு கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுமார் 4 சதவீதம்தான். 110 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போனது 114-ஐத் தொடும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது காலிலேயே தெரியும். அதிவேகத்தில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடும்; தேவைப்படும் திறனோ மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்ப. அதனால்தான் திறன் கூடிய அளவுக்கு வேகம் கூடுவதில்லை.

மேலேறும்போதுதான் அந்த 20-இன் அருமை தெரியும். உயரம் இழக்காமல் பறக்கவே திறனில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம்தான் விமானத்தை மேலே தூக்கும். புதிதாக வரும் 20 அந்த மிச்சத்தில் சேரும். புரொப்பெல்லர் இழப்பு போக 15 என்று வையுங்கள். ஒரு குதிரைத்திறன் 33,000 பவுண்டு எடையை நிமிடத்தில் ஓர் அடி தூக்கும். அப்படியானால் 2,300 பவுண்டு விமானம் நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல் கூடுதலாக ஏறும். முன்பு 700 அடி ஏறியதற்கு இது ரொம்பப் பெரிய லாபம்!

அப்புறம், புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். மே மாத மதிய வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து எஞ்சின், புரொப்பெல்லர், இறக்கை மூன்றுமே சோர்ந்துவிடும். முழுச் சுமையோடு கிளம்பும் விமானிக்கு அந்த நேரத்தில் கைகொடுப்பது இந்த மிச்சத் திறன்தான்.