வாசகர் கேள்விகள்: உழைத்து ஓய்ந்த யானைகள்

கேள்வி: மரம் இழுத்தும் பெரஹெரா ஊர்வலத்தில் நடந்தும் முதுமையடைந்த யானைகளை மீட்டுச் சரணாலயத்தில் வைத்திருப்பதைக் காட்டிலும், காட்டில் விட்டுவிடுவதுதானே நியாயம்?
(வாசகி ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், காட்டில் பிழைப்பது யானைக்குப் பிறவியிலேயே வந்துவிடும் வித்தையல்ல. எந்தக் குளம் எப்போது வற்றும், எந்தத் தடத்தில் போனால் நீர் கிடைக்கும் என்பதையெல்லாம் குட்டியானது தாயோடும் கூட்டத்தின் மூத்த பெண் யானைகளோடும் பல வருடங்கள் நடந்தே கற்கிறது. இலங்கையின் உடவலவயில் 1995இல் தொடங்கிய பராமரிப்பு நிலையம், தாயை இழந்த குட்டிகளை மனிதரோடு அதிகம் பழகவிடாமல் வளர்த்து, ஏறக்குறைய 5 வயதில் காட்டுக்கு அனுப்புவது இதனால்தான். காலமெல்லாம் பாகனின் சொல்லுக்கு நடந்த யானையின் நிலை வேறு. பசித்தால் அது மனிதர் இருக்கும் இடத்தைத் தேடியே வரும். வயலோரத்தில் அதற்குக் காத்திருப்பது துப்பாக்கியாகவோ, தீனிக்குள் மறைத்துவைத்த ஹக்கபட்டாஸ் என்ற வெடியாகவோ இருக்கலாம்.

உடலும் இடம் கொடாது. சீமெந்துத் தரையில் ஆண்டுக்கணக்காகச் சங்கிலியோடு நின்ற யானையின் பாதத்தைக் குனிந்து பாருங்கள்: நகங்கள் வெடித்து, உள்ளங்கால் தேய்ந்து, இடுக்குகளில் சீழ் கட்டியிருக்கும். அதை மருந்து நீரில் ஊறவைத்து நாள்தோறும் கழுவ வேண்டும். பற்களின் கதை இதைவிட உருக்கமானது. யானைக்கு வாழ்நாளில் 6 முறைதான் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். கடைசித் தொகுதியும் தேய்ந்துவிட்டால், புல்லை அரைக்க முடியாமல் மென்றதையெல்லாம் உருண்டையாகத் துப்பிவிடும். முன்னால் தீனி குவிந்து கிடக்க, அது மெலிந்துகொண்டே போகும். அதற்காகப் புல்லைப் பொடியாக நறுக்கவும், சோற்றையும் வாழைப்பழத்தையும் பிசைந்து உருட்டிக் கொடுக்கவும் காட்டில் யார் இருக்கிறார்கள்?

முத்து ராஜாவை நாம் மறந்திருக்க மாட்டோம். 2001இல் தாய்லாந்து நமக்கு அன்பளிப்பாகத் தந்த அந்தக் கொம்பன் யானை, முன்னங்காலை மடக்க இயலாத நிலையில், 2023 ஜூலை 2ஆம் திகதி கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் தாயகம் திரும்பியது. அங்கும் அதைக் காட்டில் விடவில்லை; லம்பாங்கிலுள்ள யானைகள் பாதுகாப்பு நிலையத்தில் வைத்தே வைத்தியம் பார்த்தார்கள். அந்த நிலையில் அதைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததை நமக்கெல்லாம் தலைகுனிவாகவே இன்றும் கருதுகிறேன்.

கேள்வி: பிள்ளைகளோடு யானைகள் சரணாலயம் ஒன்றுக்குப் போக விரும்புகிறோம். நல்ல இடம் என்று எப்படி அறிவது?
(வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை)

பதில்: யானைச் சவாரி இருந்தால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். உள்ளே போனால், முதலில் யானை நிற்கும் தரை மண்ணா, சீமெந்தா என்று கவனியுங்கள். பிறகு அரைமணி நேரம் பொறுமையாக நில்லுங்கள். நினைத்தபோது மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொள்ளவும், தனக்குப் பிடித்த தோழியின் அருகே போய் நிற்கவும், உங்களுக்கு முதுகைக் காட்டியபடி மரநிழலுக்கு நடந்துபோகவும் அதற்கு முடிகிறதா என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.