முன் டயர் கோணலா தேயுதா? பின் ஆக்சிலையும் பாருங்க

கேள்வி: அண்ணாச்சி, நமக்கு பத்து வீல் லாரி ஒண்ணு, செங்கோட்டையில இருந்து புளியரை, ஆரியங்காவு வழியா கொல்லம் வரைக்கும் லோடு ஓடுது. முன்னாடி ரெண்டும் புது ரேடியல் டயர். இடது டயர் வெளிப்பக்கம் மழமழன்னு ஆயிருச்சு, வலது டயர் உள்பக்கமா தேயுது. அலைன்மென்ட் பாத்தும் நிக்கல. நேர் ரோட்டுலயே ஸ்டியரிங்க ஒரு பக்கமா பிடிச்சுத்தான் ஓட்ட வேண்டியிருக்குங்காரு டிரைவர். கடைக்காரர் டயரே சரியில்லைங்காரு, மெக்கானிக் மலை ரோடுன்னா அப்படித்தாங்காரு. எத நம்ப?
- செங்கோட்டை வாசகர்

பதில்: தம்பி, டயர இப்போ மாத்தாதீங்க, புதுசு போட்டாலும் அதே மாதிரிதான் தேயும். மலை ரோடும் காரணமில்ல, புளியரை எஸ் வளைவுல லோடோட ஒடிச்சு ஒடிச்சு திருப்புறதுல தேஞ்சா ரெண்டு டயர்லயும் வெளி ஓரம்தான் தேயணும். ஒண்ணு வெளிய ஒண்ணு உள்ள, கூடவே ஸ்டியரிங் இழுப்புன்னா என் சந்தேகம் பின் ஆக்சில் மேலதான். அது சேசிஸுக்கு நேரா நிக்காம லேசா திரும்பியிருந்தா வண்டிய ஒரு பக்கமா தள்ளும், அத சமாளிக்க டிரைவர் ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் பிடிப்பாரு, அந்த இழுபறியில முன் டயர் தேயும். முன் வீல் ரெண்டையும் இணைக்கிற டை ராட திருக்கி, டோ, அதாவது முன் வீல் உள்ள வெளிய திரும்பி நிக்கிற அளவ மட்டும் சரி பண்ணா இது எப்படி தீரும்?

சமதளத்துல ஸ்டியரிங்க நேரா வச்சு நிறுத்துங்க. முன் ஹப், அதாவது வீலோட மையக் குடம், அது நடுவுல இருந்து பின் ஹப் நடு வரைக்கும் டேப்ல அளங்க, ரெண்டு பக்கமும். பின் ஆக்சில் ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளியையும் அதே மாதிரி அளங்க. அளவு வித்தியாசப்பட்டா ஆக்சில இடத்துல பிடிச்சு வைக்கிற டார்க் ராட் புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாத்தையும் பாக்கச் சொல்லுங்க.

அப்படியே முன் ஆக்சிலயும் ஜாக்கி போட்டு, கட்டை குடுத்து, வீலோட மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லி திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் நின்னுட்டா ஹப் பேரிங், நிக்காம இருந்தா கிங்பின் (முன் வீல் திரும்புற முளை) புஷ். இந்த ஆட்டத்த எல்லாம் சரி பண்ணாம அலைன்மென்ட் பாக்குறது காசுக்குக் கேடு.

கேள்வி: புனலூர் போய் இறங்குனதும் காத்து பிடிச்சுப் பாத்தா கூட காட்டுது, இறக்கிவிடலாமா?
- புளியரை வாசகர்

பதில்: இறக்கவே இறக்காதீங்க தம்பி. அது ஓடுன சூட்டுல ஏறுன காத்து, டயர் ஆறுனா பழையபடி வந்துரும். சூட்டோட இறக்கிவிட்டா ஆறுனதும் காத்து பத்தாது, ரெண்டு ஓரமும் தேயும், டயரும் இன்னும் சூடாகும். காலையில வண்டி எடுக்கும் முன்ன பிடிச்சுப் பாருங்க.