ஊடகக் கல்வியறிவுப் பேராசிரியராக எந்த வழியில் போவது?

கேள்வி: எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்து, காரைக்குடியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் பிள்ளைகள் அப்படியே நம்புகிறார்கள். ஊடகக் கல்வியறிவை ஆராய்ந்து கற்பிக்கும் பேராசிரியராக ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: இந்தப் பெயரில் தனித் துறையைத் தேடி அலையாதீர்கள். பணியிடம் பெரும்பாலும் இதழியல் துறையிலோ கல்வியியல் துறையிலோதான் வரும். உள்ளே போனபின் இதை உங்கள் சிறப்புப் புலமாக வளர்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குக் கல்வியியல்தான் பொருத்தம். உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை முதுகலை படித்த பாடத்தில் எழுத வேண்டும் என்பது விதி. தமிழ்ப் பட்டத்தோடு இதழியலுக்கு விண்ணப்பித்தால் அங்கேயே சிக்கல்.

ஆகவே முதலில் 2 ஆண்டு எம்.எட். அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே கல்வியியல் துறை இருக்கிறது. ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. எம்.ஏ., எம்.எட். இரண்டிலும் 55 சதவீதம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பி.எட். கல்லூரி வேலைக்கு இரண்டையும் கேட்பார்கள். பிறகு கல்வியியலில் நெட்: இரு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

அடுத்தது பிஎச்.டி. குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பலரும் தடுமாறுவது தலைப்பில்தான். 'மாணவர்கள் மீது சமூக ஊடகங்களின் தாக்கம்' என்று எடுத்தால் எதை அளப்பீர்கள்? 'செய்தியைச் சரிபார்ப்பாயா?' என்று படிவத்தில் கேட்டால் எல்லாப் பிள்ளையும் 'ஆம்' என்றுதான் எழுதும். செய்ய வைத்துப் பார்க்க வேண்டும்.

9ஆம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 12 செய்திகள் தயாரியுங்கள்: 6 உண்மை, 6 பொய். இந்தச் சரிபாதி மிக முக்கியம். பொய்யை மட்டுமே காட்டிப் பழக்கினால் பிள்ளைகள் எல்லாவற்றையும் பொய் என்று சொல்லி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நல்ல செய்தியையும் நம்பாத மனம்தான் மிஞ்சும். அது கல்வியறிவு அல்ல. செய்திகளை உள்ளூரிலிருந்தே எடுங்கள். 'செட்டிநாட்டு வீடுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது' என்பது பொய். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது, பின்னாளில் பரிந்துரைக்கக்கூடிய இடங்களின் உத்தேசப் பட்டியலில் மட்டுமே. 'காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது' என்பது உண்மை. இரண்டும் ஒரே தொனியில் இருப்பதால் ஊகித்துத் தப்ப முடியாது.

பயிற்சி 45 நிமிடமாக 4 வகுப்பு போதும். வந்த பக்கத்தையே உற்றுப் பார்க்காமல், வேறு பக்கம் திறந்து 'இதைச் சொல்வது யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்' என்று தேடுவதுதான் மையத் திறன். ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, உண்மை சரிபார்ப்பாளர்கள் இப்படித்தான் வேகமாக விடை கண்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள்கூட அதே பக்கத்தில் தேங்கிப் பலமுறை ஏமாந்தார்கள். அதோடு கூகுள் லென்ஸில் படத்தின் மூலத்தைத் தேடுவதையும் சொல்லிக்கொடுங்கள். பாடத்திட்டத்துக்கு, ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 2011இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒரே 12 செய்திகளைக் கொடுக்காதீர்கள்; நினைவைத்தான் அளப்பீர்கள். 6 வாரம் கழித்து இன்னொரு தேர்வும் வையுங்கள், பயிற்சி தங்கியதா என்று அப்போதுதான் தெரியும். ஒரே பள்ளியின் இரு பிரிவுகளை ஒப்பிட்டால் சாப்பாட்டு வேளையில் விடை பரவிவிடும். காரைக்குடியில் சில, தேவகோட்டையில் சில என்று பள்ளிகளாகவே எடுத்து, யாருக்கு இப்போது பயிற்சி, யாருக்குப் பிறகு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

அரசுப் பள்ளியென்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மூன்றும் எழுத்தில் வேண்டும். கோடை விடுமுறையிலேயே விண்ணப்பித்தால் ஜூலையில் வகுப்பு தொடங்கலாம். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் எந்தத் தலைமை ஆசிரியரும் நேரம் ஒதுக்க மாட்டார்.