சால்ஸ்பரி ரோஜர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சால்ஸ்பரி பிஷப் ரோஜரைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிஷப்பாக இருந்துகொண்டே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தியவர், மகனை மன்னரின் சான்சலர் (அரசு எழுத்து வேலைகளின் தலைவர்) ஆக்கியவர், உறவுக்காரப் பையன்களுக்கும் பிஷப் பதவி வாங்கிக் கொடுத்தவர், கோட்டை மேல் கோட்டையாகக் கட்டியவர். இவரைப் பற்றி நீங்கள் இவ்வளவு பிரியமாக எழுதியது எனக்கு உறுத்தலாக இருந்தது. சர்ச்சின் பெயரால் பதவி சுகம் கண்டவர் என்பதைத் தாண்டி அவரிடம் என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்ன எதையும் மறுக்கப்போவதில்லை. அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பாதிரிமார்தான். அவர்களை வேலைக்கு வைத்த மன்னருக்கு, சம்பளத்துக்குப் பதில் பிஷப் பதவியைக் கொடுப்பது சுலபம். ரோஜர் மட்டும் விதிவிலக்கில்லை. ஆனால் அண்ணன் தம்பி பிள்ளைகளான அலெக்சாண்டரை லிங்கனிலும் நைஜலை ஈலியிலும் பிஷப்பாக உட்காரவைத்த அளவுக்குப் போனவர்கள் குறைவு.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. 1124 கிறிஸ்துமஸ் சமயம், மன்னர் முதலாம் ஹென்றி நார்மண்டியில் இருந்தார். மட்டமான காசு அடித்தார்கள் என்று இங்கிலாந்தின் நாணயக்காரர்களை ரோஜர் வின்செஸ்டருக்கு வரவழைத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வலது கையை வெட்டி, விதையையும் அறுத்தார்கள். உத்தரவு மன்னருடையது, நடத்திவைத்தவர் பிஷப். நாட்டையே கெடுத்தவர்களுக்கு இது நியாயம்தான் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் பிரியம்? அவர் காலத்தில் உருவெடுத்த எக்ஸ்செக்கர் என்ற அரசுக் கணக்குச் சபைக்காக. அது எப்படி நடந்தது என்பதை ரோஜருக்குப் பேரன் முறையான ரிச்சர்ட் 1170களில் விளக்கமாக எழுதிவைத்திருக்கிறார். இவர் நைஜலின் மகன், பின்னாளில் லண்டன் பிஷப். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. வைத்த காசு உருண்டு விழாதபடி சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று, அப்படியே இருபது, நூறு, ஆயிரம் என்று போகும். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஈஸ்டருக்கும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் பண்டிகைக்கும், மன்னருக்காக மாவட்டங்களில் பணம் வசூலித்த ஷெரிஃப்கள் வந்து உட்கார வேண்டும். கட்ட வேண்டியது ஒரு வரிசை, கட்டியது அதற்குக் கீழே ஒரு வரிசை. எல்லார் கண்ணெதிரிலும் காசை வைத்து, எடுத்து, மீதியைச் சொல்வார்கள். இதைப் பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் நடக்கும் சதுரங்கம் என்கிறார் ரிச்சர்ட்.

ரசீது என்பது ஹேஸல் மரக் குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை கனத்தில் ஒரு வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல் கனம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. பென்னிக்கு வெறும் கீறல். வெட்டி முடித்ததும் குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. அடுத்த தடவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும்.

எழுத்தே தெரியாத ஷெரிஃபுக்கும் இந்தக் கணக்கு புரிந்தது. அவன் பாக்கி எவ்வளவு என்று அவன் கண்ணாலேயே பார்த்தான், தொட்டுப் பார்த்தான். அதிகாரம் கேட்கிற பணத்துக்கு, பணம் கொடுக்கிறவன் சரிபார்க்கக்கூடிய கணக்கு ஒன்று வேண்டும் என்ற ஏற்பாடு அந்த மேஜையில் இருக்கிறது. வாளால் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. என் பிரியம் அங்கேதான் இருக்கிறது.

"ஒரு பெண்" என்று நீங்கள் ஒரு வார்த்தையில் கடந்துபோன ராம்ஸ்பரி மட்டில்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹென்றிக்குப் பின் வந்த ஸ்டீபன், 1139 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜரையும் சான்சலர் மகனையும் அலெக்சாண்டரையும் பிடித்தார். தப்பிய நைஜல் டிவைசஸ் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். அங்கே உள்கோட்டை மட்டில்டாவின் கையில் இருந்தது. கோட்டைக்கு எதிரே மகனைக் கழுத்தில் கயிற்றோடு நிறுத்தினார்கள். ரோஜரைப் பட்டினி போட்டார்கள். மகன் உயிருக்காக மட்டில்டா கோட்டையைக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் அன்று முடிவெடுத்தது அவர்தான்.

டிசம்பரில் ரோஜர் இறந்தார். தேவாலய வேலை முடியட்டும் என்று பலிபீடத்தில் வைத்திருந்த மிச்சப் பணத்தையும் பாத்திரங்களையும் அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்துப் போய்விட்டார்கள். கல்லும் கல்லும் சேருமிடம் தெரியாமல், சுவர் முழுக்க ஒரே பாறையாகத் தோன்றும்படி கட்டவைத்தவர் என்று அக்கால வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் எழுதியது இவரைப் பற்றித்தான்.

பின்னர் உள்நாட்டுப் போரில் கணக்கு முறையே குலைந்துபோக, அதைச் சீர்செய்ய, ஸ்டீபனுக்குப் பின் வந்த மன்னர் இரண்டாம் ஹென்றி கூப்பிட்டது நைஜலை. 1130ஆம் ஆண்டின் கணக்குச் சுருள் இன்றும் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிலும் வந்திருக்கிறது. யார் எவ்வளவு கட்டினார், எவ்வளவு பாக்கி என்று பக்கம் பக்கமாகப் போகும். ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அப்புறமும் உறுத்தினால் எழுதுங்கள், பேசலாம்.