லோடிங் வாசகம் ஏன் தெரியவில்லை

விண்டோஸ் ஃபார்ம்ஸில் (டெஸ்க்டாப் நிரல்களுக்குத் திரை அமைக்கும் .நெட் வசதி) பட்டனை அழுத்தியதும் லேபிளில் "தகவல் வருகிறது, காத்திருக்கவும்" என்று போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே குவெரியை (டேட்டாபேஸிலிருந்து தகவல் கேட்கும் கட்டளையை) ஓடவிடுகிறீர்கள், ஆனால் கிரிட் (தகவலைக் காட்டும் அட்டவணை) நிரம்பும்வரை அந்த வாசகம் கண்ணில் படவே இல்லை என்கிறீர்கள். லேபிள் மேல் தப்பில்லைங்க. விண்டோஸ் ஃபார்ம்ஸில் திரையை வரைவதும் உங்கள் கிளிக் ஈவென்ட்டை ஓட்டுவதும் ஒரே திரெட்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் ஓட்டம். குவெரி முடிந்து, ஈவென்ட்டிலிருந்து அந்த திரெட் திரும்பினால்தான் லேபிளை வரைய முடியும், அதற்குள் நீங்களே வாசகத்தை அழித்துவிடுகிறீர்கள். ரெஃப்ரெஷ் கூப்பிட்டால் வாசகம் தெரியும், ஆனாலும் ஃபார்ம் உறைந்தே கிடக்கும், சில விநாடிகளில் தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" வந்து யூசர் பயந்துபோய் மூடிவிடுவார்.

ஈவென்ட்டை ஏசிங்க் (async, திரையை உறைய வைக்காமல் காத்திருக்கும் வகை) ஆக்குங்கள். பட்டனை டிசேபிள் செய்து, வாசகத்தைக் காட்டி, டேட்டாடேபிளை (வந்த தகவலை நினைவகத்தில் வைக்கும் அட்டவணை) நிரப்பும் வேலையை மட்டும் அவெயிட் (await, முடியும்வரை காத்திரு என்பது) போட்டு டாஸ்க் ரன்னுக்குள் (Task.Run, வேலையை வேறு திரெட்டில் ஓட்டுவது) தள்ளுங்கள். கிரிட்டை அதற்குள் தொடவே கூடாது. கிரிட்டின் டேட்டாசோர்ஸை (அது காட்ட வேண்டிய தகவலை) அவெயிட்டுக்கு அடுத்த வரியில் கொடுங்கள், அது மறுபடி திரை திரெட்டில்தான் ஓடும். வாசகத்தை மறைப்பதும் பட்டனைத் திறப்பதும் ஃபைனலியில் (finally, பிழை வந்தாலும் ஓடும் பகுதி) இருக்கட்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க் அறுந்தால் "காத்திருக்கவும்" அப்படியே நிற்கும்.

அப்புறம், புரோகிரஸ் பார் வேண்டுமென்றால் ஸ்டைலை மார்க்கீ (சதவீதம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் பட்டை) என்று வையுங்கள். எத்தனை வரிசை வரும் என்றே தெரியாதபோது சதவீதம் காட்டுவது சும்மா கதை.